பழைய கணினிக்கு லேசான வேர்ட் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சிங்கப்பூரில் சமூக மன்றத்தில் மூத்தோருக்குக் கணினி சொல்லித்தரும்போது அடிக்கடி வரும் கேள்வி இது: “தம்பி, என் லேப்டாப் ரொம்ப ஸ்லோ. சின்னதா ஒரு வேர்ட் போட்டுக் கொடுங்களேன்.” பேரப்பிள்ளை கழித்துக்கட்டிய இயந்திரம், 4 ஜிபி நினைவகம். சேமிக்க மறப்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. ஒருமுறை பட்டால் அது தானாக வந்துவிடும்.

எழுத்துருவைத் தமிழ் என்று நம்புவது

லேசாக இருக்கிறதே என்று ஏதோ பழைய செயலியை இறக்கிக்கொள்கிறார்கள். அதில் ஒருங்குறித் தமிழ் (எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டில் உள்ள தமிழ்) ஒழுங்காக வராது. ‘கெ’ அடித்தால் கொம்பு பின்னால் போய் நிற்கும். உடனே யாராவது பாமினி எழுத்துருவைப் போட்டுக் கொடுப்பார். திரையில் பளிச்சென்று தமிழ் தெரியும். கோப்புக்குள் இருப்பதோ தமிழ் வேஷம் கட்டிய ஆங்கில எழுத்துகள்.

தெம்பனிஸில் ஓர் அக்கா, தன் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்த கதையை அப்படித்தான் அடித்து வைத்திருந்தார். மகன் புது மடிக்கணினி வாங்கித் தந்தான். கோப்பைத் திறந்தால், “தமிழ்” என்று இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. “வைரஸா தம்பி?” என்றார். புது இயந்திரத்தில் பாமினி இல்லை, அவ்வளவுதான். ஆனால் தமிழ்மொழி விழாப் போட்டிக்கு ஒருங்குறியில்தான் அனுப்ப வேண்டும். சரி, மாற்றித்தரும் கருவிதான் இருக்கிறதே என்று அதில் போட்டோம். எது தமிழ், எது ஆங்கிலம் என்று அதற்கு எப்படித் தெரியும்? நடுநடுவே ஆங்கிலத்தில் இருந்த கப்பல் பெயர், தெருப்பெயர் எல்லாம் தமிழ்க் குப்பையாகிவிட்டன. ஒவ்வொன்றாகத் தேடிக் கையால் திருத்த வேண்டியதாயிற்று.

இந்த ஊரில் இது நடப்பதுதான் எரிச்சல். கணினித் தமிழுக்குப் பொதுவான குறியீடு வேண்டும் என்று பேச, சிங்கப்பூர் எழுத்தாளரும் கணினித் தமிழ் முன்னோடியுமான நா. கோவிந்தசாமி முன்னின்று தமிழ்நெட் 97 மாநாட்டைக் கூட்டியது 1997இல், இதே சிங்கப்பூரில். இன்னும் பாமினியா?

எந்தச் செயலியானாலும் முதல் நாளே “கொக்கு, நௌகா, ஸ்ரீ” என்று அடித்துச் சேமித்து மூடுங்கள். கைப்பேசிக்கு அனுப்பி அங்கே திறந்து பாருங்கள். கட்டமோ ஆங்கிலமோ தெரிந்தால் கதையை அதில் தொடங்காதீர்கள்.

வேர்ட்பேட் போதும் என்பது

விண்டோஸோடு சேர்ந்தே வந்த சின்ன எழுதும் செயலி அது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து அது கிடையாது.

பழைய நோட்பேடில் எழுதுவது

ஏஎன்எஸ்ஐ (ANSI, தமிழுக்கு இடமில்லாத பழைய குறியீடு) என்று சேமித்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகும். எச்சரிக்கைப் பெட்டி வரும். நம்மவர்கள் படிக்காமலே ஓகே அழுத்துவார்கள். பாமினியையாவது மீட்கலாம், கேள்விக்குறியை ஒன்றும் செய்ய முடியாது. சேமிக்கும்போது யூடிஎஃப்-8 (UTF-8, ஒருங்குறி வடிவம்) தேர்ந்தெடுங்கள்.

கூகல் டாக்ஸ் லேசு என்று நினைப்பது

அது உலாவிக்குள் ஓடுவது. குரோமைத் திறந்துவிட்டு, எவ்வளவு நினைவகத்தை விழுங்குகிறது என்று டாஸ்க் மேனேஜரில் பாருங்கள்.

லிப்ரே ஆபிஸைக் கண்டு பயப்படுவது

பெரிய செயலிதான், திறக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். திறந்தபின் அதில் வேர்ட் போல எழுத உதவும் ரைட்டர் 4 ஜிபி-யில் நன்றாகவே ஓடும், காசும் கேட்காது. நிறுவியதும் ஆப்ஷன்ஸில் மொழிகள் பகுதிக்குப் போய் சிடிஎல் (CTL, தமிழ் போன்ற எழுத்துகளுக்கான வசதி) என்பதை இயக்கித் தமிழைத் தேர்ந்துவிடுங்கள். அப்போதுதான் தமிழுக்கென்று தனி எழுத்துருவும் அளவும் வைக்க முடியும். வெளியே அனுப்பும் கோப்பை வேர்டின் டாக்எக்ஸ் (.docx) வடிவில் சேமியுங்கள். லிப்ரே ஆபிஸின் சொந்த வடிவமான ஓடிடி-யில் (.odt) அனுப்பினால் “திறக்கவில்லையே” என்று யாராவது கட்டாயம் கூப்பிடுவார்கள்.