பழைய வேட்டைத் துப்பாக்கியைப் பாத்திரம் போலத் துலக்காதீர்கள்

ஆயுத பூஜை முடிந்த மறு வாரம் எனக்கு எப்படியும் ஒரு போன் வந்துவிடும். "அங்கிள், குழல் மேல வட்ட வட்டமா துரு வந்திருக்கு, என்ன பண்றது?" விசாரித்தால் கதை ஒன்றுதான். சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்து, விடுமுறை முடியும்வரை துப்பாக்கியை அப்படியே சாமி அறையில் விட்டிருப்பார்கள். பொட்டு காய்கிற வரைக்கும் அதன் அடியில் இருக்கிற இரும்பு ஈரத்தில் ஊறுகிறது. அதனால்தான் துருவும் பொட்டு வடிவத்திலேயே வருகிறது.

நான் துப்பாக்கித் தொழில்காரன் இல்லை. பெங்களூரில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மாமனார் குடகில் காப்பித் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். அவருடைய இரட்டைக் குழல் பன்னிரண்டு போர் (12 bore) துப்பாக்கி இப்போது என் மைத்துனர் பெயரில் முறையான உரிமத்தோடு அல்சூரில் இருக்கிறது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்தான் அதைத் தொடுவேன். அதை ஒருமுறை கெடுத்து, பிறகு பல வருஷம் சரிசெய்து பழகியதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வீட்டில் நடக்கிற தவறுகளில் பாதி, வெண்கலக் குத்துவிளக்கைத் துலக்கிப் பழகிய கை செய்வது. மீதி, மேஜைக்குப் பாலிஷ் போட்டுப் பழகிய கை செய்வது.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆயுதச் சட்டம், 1959-இன்படி துப்பாக்கி பழுதுபார்ப்பது உரிமம் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை. மேலே படிந்ததைத் துடைத்து எண்ணெய் பூசுவதும், பின்னால் இருக்கும் மரக் கட்டைக்கு மெருகு ஏற்றுவதும் வேறு; விசைக்குள் கைவைப்பது வேறு. உள்ளே ஏதாவது இடறினால் உரிமம் பெற்ற பட்டறைக்குப் போய்விடுங்கள். தாத்தா இறந்து, உரிமம் இன்னும் உங்கள் பெயருக்கு மாறாமல் துப்பாக்கி பரணில் இருக்கிறதென்றால், துருவைப் பற்றிக் கவலைப்படும் நேரம் அது இல்லை. முதலில் அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்துவிட்டு உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். அப்புறம் ஒன்று: வேலைக்கு உட்காருமுன் குழலைத் திறந்து உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். "முப்பது வருஷமா யாரும் தொடலை" என்பது ஒரு காரணமே ஆகாது. முப்பது வருஷத்துக்கு முன் அதைக் கடைசியாகத் தொட்டவர் தோட்டாவை எடுத்தாரா இல்லையா என்று யாருக்குத் தெரியும்?

இனி என் தவறு. கல்யாணமான புதிதில், மாமனார் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, மெச்சிக்கொள்ளட்டும் என்று குழலில் இருந்த துருவை வினிகர் போட்டுத் துடைத்தேன். துரு போனது. கூடவே குழலின் கருநீல நிறமும் போய், சாம்பல் பூத்த தகரம் மாதிரி ஆகிவிட்டது. மாமனார் வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாதம் என்னிடம் பேசவும் இல்லை.

என்ன நடந்தது என்று பிறகுதான் புரிந்தது. குழலின் மேல் இருக்கும் அந்தக் கருநீலம் பெயின்ட் இல்லை. பட்டறையில் ப்ளூயிங் என்பார்கள். அதுவும் இரும்பு ஆக்சைடுதான். சிவப்புத் துருவுக்கு அண்ணன் தம்பி உறவு. சிவப்புத் துரு இரும்பை அரித்துக்கொண்டே போகும். இந்தக் கறுப்பு ஆக்சைடு மெல்லிய தோலாக இரும்பின்மேல் ஒட்டி நின்று, எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புளிப்புக்கு இரண்டும் ஒன்றுதான். வினிகர், எலுமிச்சை, புளி, கடையில் விற்கும் துரு நீக்கி எல்லாமே சிவப்போடு கறுப்பையும் தின்றுவிடும். செப்புப் பாத்திரத்தைப் பளபளக்க வைக்கும் அதே புளி இங்கே எதிரி. விபூதி போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம். அது நைசாக அரைத்த உப்புத்தாள் மாதிரிதான் வேலை செய்யும்.

சரி, துருவை எப்படித்தான் எடுப்பது? எண்ணெயும் பொறுமையும் போதும். தையல் மெஷின் எண்ணெயைத் தாராளமாக விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். மறுநாள் நான்கு சைபர் போட்ட மிக நைசான ஸ்டீல் ஊலை, அதாவது எஃகு நாரை, எண்ணெயில் நனைத்து, அழுத்தாமல் சுற்றிச் சுற்றித் தேய்த்தால் மேலாக இருக்கும் துரு சேறு மாதிரி வந்துவிடும். நிறம் அநேகமாக நிற்கும். புடைத்து நிற்கும் துருப் புள்ளிக்குப் பழைய செப்புக் காசின் விளிம்பு நல்லது. செம்பு எஃகைவிட மெது என்பதால் துருவைச் சுரண்டும், குழலைக் கீறாது. அடியில் குழி விழுந்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். குழி மறைகிற வரைக்கும் தேய்த்தால் சுற்றியுள்ள இரும்பையும் அவ்வளவு ஆழத்துக்கு எடுத்தாக வேண்டும். அது குழல். உள்ளே வெடி அழுத்தத்தைத் தாங்க வேண்டிய சுவர்.

மோட்டாரில் சுற்றி மெருகேற்றும் பஃப் சக்கரம் இதைவிடப் பெரிய பாவம். நிமிஷத்தில் கண்ணாடி மாதிரி ஆக்கிவிடும், உண்மைதான். ஆனால் விளிம்பெல்லாம் மழுங்கி, திருகாணித் துளைகள் கிண்ணம் மாதிரி குழிந்து, எழுத்துகள் கரைந்துபோகும். அந்த எழுத்துகள்தான் துப்பாக்கியின் ஜாதகம். பர்மிங்காம் துப்பாக்கி என்றால் குழலின் அடிப்பக்கத் தட்டையில் 1813-இல் தொடங்கிய அந்த ஊர்ச் சோதனைச் சாலையின் முத்திரை இருக்கும். எந்தச் சோதனையைத் தாண்டியது, கரிமருந்துக்கு மட்டுமா, புகையில்லா மருந்தும் தாங்குமா என்றெல்லாம் படிக்கத் தெரிந்தவர் அதைப் பார்த்தே சொல்லிவிடுவார். இஷாப்பூர் .315 ரைபிளிலும் எண்ணும் முத்திரையும் உண்டு. அடையாள எண்ணை அழிப்பது ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் குற்றம். எண் அழிந்த துப்பாக்கி உங்களிடம் இருந்தால், இல்லையென்று நீங்கள் நிரூபிக்கிற வரையில் அழித்தது நீங்கள்தான் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். 'பாலிஷ் போட்டேன் சார்' என்று சொல்லி நிற்கும் நிலைமை யாருக்கும் வேண்டாம்.

பெங்களூர் பீன்யாவில் குரோம் முலாம் போடும் பட்டறைகள் இருக்கின்றன, கொடுத்து வாங்கலாமே என்று சிலர் கேட்பார்கள். உரிமம் இல்லாதவர் கையில் துப்பாக்கியை விட்டுவிட்டு வருவதே சட்டச் சிக்கல். அது போகட்டும், முலாம் தொட்டிக்குள் போன ஸ்பிரிங் உள்ளுக்குள் ஹைட்ரஜன் ஏறி, ஒருநாள் பட்டென்று முறியும். டூல் ரூமில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நிறம் போய்விட்டதென்றால் மறுபடி ஏற்றுவதில் மூன்று வழிகள் உண்டு. அவற்றைக் குழப்பிக்கொள்வதுதான் இங்கே நடக்கும் தவறு. ஒன்று, கடையில் சின்ன பாட்டிலில் வரும் குளிர் ப்ளூயிங். பெரும்பாலும் செலினியம் சேர்ந்த விஷத் திரவம் அது. கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில், விரல் நக அளவு கீறலுக்குத் தொட்டு வைக்க மட்டும் அது சரி. முழுக் குழலுக்கும் பூசினால் திட்டுத் திட்டாக வந்து, கொஞ்ச நாளில் தேய்ந்தும் போகும். இரண்டாவது, காஸ்டிக் சோடாவும் நைட்ரேட்டும் கலந்த கரைசலை 140 டிகிரி செல்சியஸ் வாக்கில் கொதிக்கவைத்து அதில் முக்குவது. வீட்டுச் சமையலறைக்கும் பால்கனிக்கும் அது ஆகவே ஆகாது. ஒரு துளி தெறித்தால் கண் போய்விடும். அதோடு, இரட்டைக் குழலை அதில் ஒருக்காலும் முக்கக் கூடாது. இரண்டு குழலையும் நடுப் பட்டையையும் இணைப்பது ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று. காஸ்டிக் அதைத் தின்றுவிடும். வெளியே பார்க்க அழகாக இருக்கும், பட்டை ஒருநாள் கையோடு வரும்.

மூன்றாவதுதான் பழைய இங்கிலாந்துப் பட்டறைகளின் வழி. துருவை வேண்டுமென்றே வரவழைத்து, அதைக் கொதிநீரில் கறுப்பாக்குவது. குழலில் எண்ணெய்ப் பசையே இல்லாமல் நீக்கி, துருவேற்றும் மெல்லிய அமிலக் கரைசலைத் தடவி, சீராகச் செந்துரு பூத்ததும் தண்ணீரில் கொதிக்கவிட்டால் சிவப்பு வெல்வெட்டுக் கறுப்பாக மாறும். அதை நைசான ஸ்டீல் ஊலால் வருடி எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. ஐந்தாறு சுற்றாவது போக வேண்டும். என் மைத்துனர் குழலுக்கு எட்டுச் சுற்று ஆனது. இதில் நம் ஊருக்கே உரிய ஒரு தவறு இருக்கிறது. போர்வெல் தண்ணீரில் கொதிக்கவைப்பது! கீசரில் வெள்ளையாகப் படியும் அந்த உப்பு குழலிலும் திட்டுத் திட்டாகப் படிந்து நிற்கும். டிஸ்டில்டு வாட்டர்தான் வேண்டும். இன்னொன்று, ஸ்டீல் ஊல் எண்ணெய்ப் பூச்சோடு வருவது. தின்னரில் அலசிக் காயவைக்காமல் தொட்டால் தொட்ட இடத்தில் நிறம் பிடிக்காது. கைரேகையும் அப்படியே.

இரும்பு போதும். கட்டைக்கு வருவோம்.

நல்ல வேட்டைத் துப்பாக்கியின் கட்டை பெரும்பாலும் வால்நட், அதாவது நாம் அக்ரூட் தின்கிறோமே அந்த மரம். அழுக்கு ஏறிய கட்டையைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை உப்புத்தாளுக்குத்தான் போகிறது. இரும்பும் மரமும் சேரும் இடத்தைப் பாருங்கள். மரம் இரும்பைவிட ஒரு மயிரிழை உயரமாக இருக்கும்படி பழைய தச்சர்கள் விட்டிருப்பார்கள். அது பின்னால் வருகிறவர்களுக்கு விட்டுவைத்த சொத்து. ஒரே மதியத்தில் உப்புத்தாள் அதைத் தின்றுவிட்டால் இரும்பு துருத்திக்கொண்டு நிற்கும், திரும்ப மரத்தை வளர்க்க வழியில்லை. கைப்பிடியில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிய செக்கரிங் வரிகளுக்கும் அதே கதி. அங்கே தின்னரும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். காஸ்டிக் சோடா போட்டுப் பழைய பாலிஷை உரிக்கும் ஆசாரி பழக்கமும் வேண்டாம், வால்நட் கறுத்துவிடும்.

பள்ளம் விழுந்திருந்தால் அதைச் சுற்றித் தேய்த்துச் சமன் செய்யாதீர்கள். ஈரத் துணியை மடித்துப் பள்ளத்தின்மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியின் நுனியால் ஒற்றி எடுங்கள். நசுங்கிய நார் ஆவி குடித்து எழுந்து வரும். நான்கைந்து முறை செய்ய வேண்டியிருக்கும். நார் அறுந்த வெட்டு மட்டும் எழாது, அது இருந்துவிட்டுப் போகட்டும்.

கட்டையின் முன்பகுதி, இரும்போடு சேரும் இடம், கறுத்துப் பிசுபிசுவென்று இருந்தால் அது பல வருஷ எண்ணெய். துப்பாக்கியை நிமிர்த்திச் சாத்தியே வைத்திருப்பதால் எண்ணெய் மேலிருந்து வழிந்து மரத்துக்குள் இறங்கி, மரத்தையே நொறுநொறுவென்று ஆக்கிவிடும். அதன்மேல் என்ன மெருகு பூசினாலும் ஒட்டாது. முல்தானி மிட்டியைத் தின்னரில் குழைத்து அப்பி, காய்ந்ததும் உதிர்த்து, மறுபடி அப்ப வேண்டும். முகத்துக்குப் போடுவதுபோலத்தான். அடுப்பு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

மெருகுக்கு நம் ஊர் மேஜை நாற்காலி ஆட்களிடம் கேட்டால் அரக்குப் பாலிஷ் என்பார்கள், இல்லையென்றால் மெலமைன். அரக்கு அழகுதான். ஆனால் மழை பட்டால் வெளுக்கும், வியர்வைக்கும் தாங்காது. மெலமைன் கண்ணாடிக் காகிதம் சுற்றின மாதிரி நிற்கும். ஒரு இடம் பெயர்ந்தால் மொத்தமும் உரிக்க வேண்டும். என் ஓட்டு ஆளி விதை எண்ணெய்க்குத்தான். பெயின்ட் கடையில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் என்று கேளுங்கள். பச்சை எண்ணெயை வாங்கி வீட்டில் கொதிக்கவைத்தால் அது இது ஆகாது. இதில் சீக்கிரம் காய்வதற்கான உலோக உப்புகள் சேர்த்திருக்கிறார்கள். இங்கிலாந்துக்காரர்கள் அதில் ஆல்கனெட் வேரை ஊறவைத்துச் செம்மை ஏற்றுவார்கள். ரோகன் ஜோஷுக்கு நிறம் கொடுக்கப் போடும் ரத்தன்ஜோத்தும் அந்த மாதிரியே சிவப்புச் சாயம் இறக்கும் வேர்தான். சிவாஜிநகர் மசாலாக் கடையில் வாங்கினேன். கடைக்காரர் எத்தனை பேருக்குச் சமையல் என்று கேட்டார்.

எண்ணெயை வழிய வழியப் பூசுவதுதான் பெரிய தவறு. அது காயாது, பிசினாகும். ஜூன் ஜூலை மழையில் சொல்லவே வேண்டாம். நான்கைந்து சொட்டு, உள்ளங்கைச் சூடு ஏறும்வரை தேய்ப்பு, மிச்சத்தைத் துடைத்துவிட்டு மறுநாள் வரை காத்திருப்பு. ஒரு பூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஸ்டீல் ஊல் போட வேண்டாம். அதன் துகள் மரத்தில் சிக்கி ஈரம் பட்டால் வால்நட்டில் கறுப்புப் புள்ளி விழும். தேய்ந்துபோன, இரும்பு இல்லாத பாத்திர நார் போதும். பாத்திரக் கைக்கு இங்கே மட்டும் இடம் உண்டு.

துடைத்த பனியன் வேஸ்ட்டைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். இந்த எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துத்தான் காய்கிறது. அப்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகத் தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் நிறைந்த டப்பாவில் போட்டு மூடுங்கள்.

திருகாணிகளுக்கு ஒரு வார்த்தை. வீட்டுத் திருப்புளியின் முனை ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். வெட்டில் முழுதாக உட்காராமல் விளிம்பைப் பிய்த்துவிடும். வெட்டுக்குச் சரியாகத் தேய்த்த முனை இருந்தால்தான் கை வையுங்கள். கழற்றியதை அட்டையில் படம் போட்டு அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். கையால் செய்த துப்பாக்கியில் ஒரு துளையின் திருகாணி இன்னொன்றில் சரியாக உட்காராது.

எல்லாம் முடிந்தபின் ரெக்சின் உறையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டால் செய்ததெல்லாம் வீண். உறைக்குள் ஈரம் தங்கும். பூட்டிய அலமாரியில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, குழல் வாய் கீழே பார்க்க, அடியில் ஒரு துணி மடித்து வையுங்கள். எண்ணெய் மரத்துக்குப் போகாமல் துணிக்கு வரும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், டிசம்பர் காலையில் குழலுக்குள்ளேயே உறைந்துவிடும். தேர்தல் வந்து துப்பாக்கியை ஒப்படைக்கச் சொன்னால், கொடுப்பதற்கு முந்தின ராத்திரி ஒரு கை எண்ணெய் கூடுதலாகவே பூசுங்கள். திரும்பி வரச் சில வாரமாகும், நடுவில் துடைக்க ஆளிருக்காது.

பூஜையை விட முடியாது என்பவர்களுக்குக் குடகில் ஒரு வழி பார்த்தேன். செப்டம்பரில் கைல்பொது பண்டிகைக்குத் துப்பாக்கிகளை வரிசையாக வைத்து, குழல் வாயில் தோக்குப்பூ சொருகுவார்கள். நம் செங்காந்தள்தான் அது. சாயங்காலம் பூவை எடுத்துவிட்டுக் குழலைத் துடைத்துவிட்டால் போதும். என் மைத்துனர் இப்போது சந்தனப் பொட்டைத் தோல் வாரில் வைக்கிறார்.