குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு காட்டில் நடப்பது எப்படி: புதுச்சேரி வட்டாரத்திற்கான செய்முறை

புதுச்சேரி, கடலூர் குடும்பங்களுக்கு விடுமுறை என்றாலே கடற்கரைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் இந்தக் கரையோரத்திற்கே உரிய காடு ஒன்று, வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு, இன்று சிறு சிறு துண்டுகளாக, பெரும்பாலும் ஐயனார் கோயில்களைச் சுற்றியே எஞ்சி நிற்கிறது. அதைப் பார்க்க மலையேற்றப் பயிற்சி எதுவும் வேண்டாம். ஐந்து வயதுக் குழந்தையும் மூட்டு வலியுள்ள பாட்டியும் சேர்ந்தே நடக்கலாம். நடையின் அளவைக் கிலோமீட்டரில் கணக்கிடாமல் நேரத்தில் கணக்கிடவும், கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவரின் காலுக்கு ஏற்ப அதை வகுக்கவும் தெரிந்தால் போதும்.

படி 1: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

முதல் நடைக்கு, நகருக்குள்ளேயே இருக்கும் தாவரவியல் பூங்காவைப் பரிந்துரைக்கிறேன். பிரெஞ்சு ஆட்சியில் 1826ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்தப் பூங்காவில் பாதை சமதளமாக இருக்கிறது, மரங்கள் வளர்ந்து நிழல் தருகின்றன, களைத்துவிட்டால் உடனே வீடு திரும்பலாம். குழந்தை எவ்வளவு நேரம் சிணுங்காமல் நடக்கிறது, தாத்தாவுக்கு எத்தனை முறை உட்கார வேண்டியிருக்கிறது என்பதையெல்லாம் இங்கே அறிந்துகொண்டால், அடுத்த நடையைத் திட்டமிடுவது எளிது.

இரண்டாவது நடைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வடக்கே உள்ள கீழ்ப்புத்துப்பட்டு கோயில் காடு பொருத்தமானது. நகருக்கு மேற்கே உள்ள ஊசுடு ஏரி, நாமக்கோழியும் நீர்க்காகமும் பார்க்க விரும்புவோருக்கு மார்கழி, தை மாதங்களில் நல்ல இடம். அது 2008 முதல் பறவைகள் சரணாலயம் என்பதால், அனுமதிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே நடக்க வேண்டும்.

விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பராமரிப்பில், ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்மரங்கள் வெட்டவெளியில் கிடக்கின்றன. அவை கிடக்கும் பாறை அடுக்கிற்குப் புவியியலாளர்கள் நம் கடலூரின் பெயரையே வைத்து ‘கடலூர் மணற்கல்’ என்கிறார்கள் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு ஆர்வம் கூடும். அங்கே நிழல் குறைவு என்பதால், குளிர்காலக் காலைப் பொழுதுக்கு மட்டும் அதை ஒதுக்கிவையுங்கள். ஒரு சிறு கல்மரச் சில்லைக்கூட எடுத்து வரக் கூடாது.

எங்கு சென்றாலும், திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டறிந்துகொள்ளுங்கள்.

படி 2: பருவத்தையும் பொழுதையும் பாருங்கள்

மார்கழிப் பிற்பகுதியிலிருந்து மாசி வரை நடைக்கு ஏற்ற காலம். சித்திரை, வைகாசியில் நடக்கத்தான் வேண்டுமென்றால் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். கடலோரக் காற்றில் ஈரப்பதம் மிகுதி என்பதால் வியர்வை எளிதில் உலராது, உடல் சூடு தணியாது. வெப்பமானி காட்டும் அளவைவிட உடல் படும் பாடு அதிகம், அது முதலில் தாக்குவது குழந்தைகளையும் முதியவர்களையும்தான்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் செம்மண் பாதை வழுக்கும். புயலுக்குப் பிந்தைய சில வாரங்களில் காட்டுக்குள் போகவே வேண்டாம். 2011 டிசம்பரில் வந்த தானே, 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் ஆகிய புயல்களைப் பார்த்த நமக்கு மரங்கள் சாய்வதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பாதி முறிந்து மேலே சிக்கிக்கொண்டிருக்கும் கிளை, காற்றே இல்லாத ஒரு நாளிலும் விழக்கூடும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

படி 3: நேரத்தை வகுத்து, திரும்பும் நிமிடத்தை முடிவு செய்யுங்கள்

இந்தச் செய்முறையில் நான் மிகவும் வலியுறுத்தும் பகுதி இதுதான். சமதளத்தில் பெரியவர் ஒருவர் மணிக்கு 4 முதல் 5 கிலோமீட்டர் நடப்பார். எறும்புப் புற்றுக்கு முன்னால் உட்கார்ந்துவிடும் ஐந்து வயதுக் குழந்தையுடன் அதே ஒரு மணி நேரத்தில் 2 கிலோமீட்டரைக் கடந்தாலே அதிகம். ஆகவே ‘இத்தனை தூரம் போக வேண்டும்’ என்று இலக்கு வைத்தால், குழந்தையை இழுத்துக்கொண்டு ஓடுவதில்தான் அது முடியும்.

முதல் நடைக்கு மொத்தம் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் 25ஆவது நிமிடத்திற்கு மணி வையுங்கள். அது ஒலித்ததும், எங்கே நின்றாலும், எதைப் பார்க்காமல் விட்டிருந்தாலும், திரும்பிவிடுங்கள். திரும்பும்போது கால்கள் களைத்திருக்கும், தூக்கச் சொல்லிக் குழந்தை அழும் என்பதால் வருவதற்கு எப்போதும் கூடுதல் நேரம் பிடிக்கும். பாதி நேரத்தை, அதாவது 30 நிமிடத்தை, போவதற்கே செலவிட்டால் கணக்குத் தவறும்.

இதே காரணத்தால், தொடக்க நிலையில் சுற்றி வரும் பாதையைவிடப் போன வழியே திரும்பும் பாதை மேலானது. போன வழியே திரும்புவதாயின் எந்த இடத்திலும் நடையை நிறுத்தலாம். சுற்றுப்பாதையிலோ பாதியைத் தாண்டிவிட்டால், களைத்திருந்தாலும் முழுவதையும் நடந்துதான் தீர வேண்டும்.

படி 4: உடையும் பையும்

உடலை மூடும் தளர்வான பருத்தி உடை, கால் விரல்களை மூடும் காலணி, தொப்பி ஆகியவை போதும். ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் என்ற கணக்கில் தண்ணீரும், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்துகொள்ளலாம். தின்பதற்குக் கடலை உருண்டையும் வாழைப்பழமும் நல்லவை. தோலையும் தாளையும் போட ஒரு துணிப்பை இருக்கட்டும்.

படி 5: வரிசையாக நடங்கள்

முன்னால் ஒரு பெரியவர், அவருக்கு அடுத்து மிக மெதுவாக நடப்பவர், நடுவில் குழந்தைகள், கடைசியில் இன்னொரு பெரியவர் என்பதே வரிசை. மெதுவாக நடப்பவரைக் கடைசியில் விட்டால், மற்றவர்கள் நின்று காத்திருந்துவிட்டு அவர் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள். ஓய்வு தேவைப்படும் அவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது.

பொந்து, புற்று, விழுந்து கிடக்கும் மரம் ஆகியவற்றுக்கு அடியில் கை விடக் கூடாது என்பதைப் புறப்படும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். பாம்பைக் கண்டால் நின்று, மெதுவாகப் பின்வாங்கினால் அது தன் வழியே போய்விடும். கடித்துவிட்டால் கயிறு கட்டுவதோ, கீறுவதோ, வாயால் உறிஞ்சுவதோ கூடாது. மோதிரம், கொலுசு, வளையல்களைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பாம்பைவிட அடிக்கடி தொல்லை தருபவை செடிகள். மழை ஓய்ந்த மாதங்களில் முற்றித் தொங்கும் பூனைக்காலிக் காயின் பழுப்பு நிறச் சுணை தோலில் பட்டால் அரிப்புத் தாங்க முடியாது. சிவப்பும் கறுப்புமாக மின்னும் குன்றிமணியைக் குழந்தைகள் விரும்பிப் பொறுக்குவார்கள். அதன் விதையைக் கடித்து மென்றால் கடும் நஞ்சு என்பதால், சிறு குழந்தைகளின் கையில் அதைக் கொடுக்கவே வேண்டாம். இலைகளைப் பின்னிக் கட்டியிருக்கும் முசுறு எறும்பின் கூட்டை எட்டி நின்று பார்க்கலாம்.

படி 6: நின்று பாருங்கள்

கோயில் காட்டுக்குள் நுழைந்ததும் வெயிலின் கடுமை குறைவது தோலிலேயே தெரியும். அங்கே ஒவ்வொருவரும் ஓர் இலையைப் பறிக்காமல் தொட்டுப் பார்க்கட்டும். வீரை, காசா, பாலை, கருங்காலி போன்ற மரங்களின் இலைகள் தடித்து, தோல்போல் விறைப்பாக இருக்கும். இந்தக் கரையில் ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்து தீர்ந்துவிடுகிறது. அதன்பின் பல மாதங்கள் வறட்சிதான். தேக்கு போன்ற மரங்கள் அப்போது இலையை உதிர்த்து நீரைச் சேமிக்கின்றன. இந்த மரங்கள் இலையை உதிர்ப்பதில்லை, நீர் எளிதில் ஆவியாகாத தடித்த இலையை வைத்துக்கொண்டு கோடை முழுவதும் பசுமையாகவே நிற்கின்றன. உலர் நிலத்தில் பசுமை மாறாத காடு எப்படி நிற்கிறது என்ற கேள்விக்கு அந்த ஓர் இலையே விடை. எட்டு வயதுப் பிள்ளைக்கும் இது விளங்கும்.

மரங்களுக்கு இடையே பின்னிக் கிடக்கும் கொடிகளையும் காட்டுங்கள். அவற்றில் ஊஞ்சலாட விடாதீர்கள், பல கொடிகள் அந்த மரங்களோடு சேர்ந்தே முதிர்ந்தவை. ஐந்து நிமிடம் எல்லோரும் பேசாமல் நின்றால் செண்பகத்தின் ஆழ்ந்த ‘கூப் கூப்’ ஒலி கேட்கக்கூடும். குளிர்காலத்தில் வலசை வரும் ஆறுமணிக் குருவி, விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கையாய்க் குரல் கொடுக்கும். அதைக் கேட்பதற்காகவே நான் அதிகாலை நடையை விரும்புகிறேன்.

இது வழிபாட்டு இடம் என்பதை மறக்காதீர்கள். சாமியின் காடு என்பதால் சுள்ளியைக்கூட ஒடிக்காத மக்களின் கட்டுப்பாட்டால்தான் இந்த மரங்கள் இன்றும் நிற்கின்றன. உள்ளே நடக்கலாமா என்று கோயிலில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொண்டு, ஏற்கெனவே உள்ள ஒற்றையடிப் பாதையிலேயே செல்லுங்கள். ஆடி மாதக் கூட்ட நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 7: வீடு திரும்பியதும்

அனைவரும் சோப்புப் போட்டுக் குளித்து, போட்டிருந்த உடைகளை உடனே துவைக்கப் போடுங்கள். புதர்களில் இருக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணிகளால் பரவும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் தமிழகத்திலும் புதுச்சேரியிலும் உண்டு, குளிர்ந்த மாதங்களில் அது கூடுதலாகக் காணப்படுகிறது. குளிக்கும்போது குழந்தைகளின் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். நடை முடிந்த மூன்று வாரங்களுக்குள் யாருக்கேனும் காய்ச்சல் வந்தால், குறிப்பாகச் சிகரெட்டால் சுட்டதுபோன்ற கறுத்த பொருக்கு உடலில் எங்கேனும் தென்பட்டால், புதர்க்காட்டில் நடந்து வந்த விவரத்தை மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் வழக்கமான மருந்திலேயே குணமாகும் நோய் இது.