யூனிட்னு சொன்னா எதோட யூனிட்? கணக்கு போடுறது எப்படி

கரண்ட் பில்லுலயும் யூனிட், மணல் லோடுலயும் யூனிட், இன்சுலின்லயும் யூனிட், ஆனா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே கிடையாது, அதனால யார் யூனிட்னு சொன்னாலும் எதோட யூனிட்னு முதல்ல பார்த்துக்கோங்க.

கரண்ட் ஈஸி. வாட்ஸை ஓடுற மணி நேரத்தால பெருக்கி 1000-ஆல வகுக்கணும். 75 வாட்ஸ் ஃபேன் 10 மணி நேரம் ஓடுனா முக்கால் யூனிட்.

மணல், எம் சாண்ட், ஜல்லிக்கெல்லாம் ஒரு யூனிட்னா 100 கன அடி. லோடு வந்ததும் இறக்க விட்டுடாதீங்க, டேப் எடுத்து லாரி பாடியோட உள்பக்க நீளம், அகலம், அப்புறம் சரக்கு நிக்கிற உயரம் மூணையும் அடில அளந்து பெருக்கி 100-ஆல வகுங்க. 10 அடி நீளம், 6 அடி அகலம், இரண்டரை அடி உயரம்னா 150 கன அடி, அதாவது ஒன்றரை யூனிட். நடுவுல குவிச்சு ஓரத்துல பள்ளமா இருக்கும், அதனால நாலஞ்சு இடத்துல கம்பி குத்தி உயரம் பார்த்து சராசரி எடுங்க. ஈர மணல் உப்பி நிக்கும், காஞ்சா அளவு குறையும், ரேட் பேசும்போதே இதையும் சேர்த்து பேசிடுங்க.

ரொம்ப கவனமா இருக்க வேண்டியது இன்சுலின்ல தான். பாட்டில்ல 1 மில்லிக்கு 40 யூனிட்னும் வருது, 100 யூனிட்னும் வருது, சிரிஞ்சும் அதே மாதிரி ரெண்டு வகை, 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட்னு போட்ட பாட்டில் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சுல 20 கோடு வரைக்கும் இழுத்தா உள்ள போறது 50 யூனிட், சுகர் தடால்னு இறங்கி உயிருக்கே ஆபத்தாயிடும். மாத்தி 40 யூனிட்னு போட்ட பாட்டில் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சுல 20 வரைக்கும் இழுத்தா வெறும் 8 யூனிட் தான் போகும், சுகர் தேவையான அளவு குறையாது. கடைல வாங்கும்போதே பாட்டில்ல இருக்குற நம்பரையும் சிரிஞ்சுல இருக்குற நம்பரையும் பக்கத்துல வச்சு பாருங்க, வீட்டுல பெரியவங்களுக்கு ஊசி போடுறவங்க தயவுசெஞ்சு ஒவ்வொரு தடவையும் பாருங்க.

ரத்தம் ஒரு யூனிட்னா ஒரு பை, 350 மில்லி இல்லன்னா 450 மில்லி.

வைட்டமின் டி மாத்திரைல 60,000 யூனிட்னு இருக்கும், எடைல பார்த்தா ஒன்றரை மில்லிகிராம் தான், ஏன்னா அங்க யூனிட்ங்கறது மருந்தோட வீரியத்த வச்சு சொல்றது. சின்ன அளவு தானேன்னு தினமும் போட்டுடாதீங்க, டாக்டர் வாரம் ஒண்ணுன்னு எழுதியிருந்தா வாரம் ஒண்ணு தான்.