எடை கூடினால் சிறுநீரகக் கல்லும் வரலாம்
உடல் எடை கூடக்கூட சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பும் கூடுகிறது. பருமனான பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அதனால் அமிலத்தைத் தணிக்கும் அமோனியாவைச் சிறுநீரகம் குறைவாகச் சுரக்க, சிறுநீரில் அமிலத்தன்மை ஏறிவிடும். பிஹெச் அளவு (இது குறையக் குறைய அமிலத்தன்மை அதிகம்) 5.5-க்குக் கீழே போனால் யூரிக் அமிலம் என்ற கழிவு கரையாமல் கல்லாகப் படியும்.

சரி, எடையைக் குறைக்கலாம் என்று சோற்றை அறவே விட்டு மூன்று வேளையும் கறியும் முட்டையுமாக இறங்கிவிடாதீர்கள். அமிலம் இன்னும் கூடும். மெதுவாகவே குறையுங்கள். நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும், வெயிலில் வேலை என்றால் இன்னும் அதிகமாக. எலுமிச்சைச் சாறு நல்லது, ஆனால் சர்க்கரையும் உப்பும் வேண்டாம். அப்புறம், கல்லுக்குப் பயந்து மோரை நிறுத்தாதீர்கள். அதிலுள்ள கால்சியம், உணவில் வந்து கல்லாக மாறக்கூடிய ஆக்சலேட் என்ற பொருளைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். இதய நோயோ சிறுநீரக நோயோ இருப்பவர்கள் தண்ணீரின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.