பாமாலைப் பாட்டைப் பார்த்தவுடன் வாசிக்க: ஸ்டாஃப் நொட்டேஷன் பயிற்சி

மார்த்தாண்டம், குழித்துறை, நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளில் கீபோர்டு வாசிக்கிற பிள்ளைகள் பலருக்கு ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது ஐந்து கோடுகளில் நோட்டு எழுதும் முறை, தெரியும். ஆனாலும் ஆயர் பாட்டு எண்ணைச் சொன்னதும் பாமாலை என்ற பாட்டுப் புத்தகத்தைத் திறந்து நேராக வாசிக்க வராது. ஒவ்வொரு நோட்டுக்கும் பெயர் யோசித்து, அப்புறம் கட்டையைத் தேடுகிறார்கள். நான்கு குரலில் (மேலிருந்து சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனார், பேஸ்) எழுதிய பாட்டில் ஒரு தட்டுக்குள் நான்கு பெயர் யோசிக்க யாராலும் முடியாது. பெயரை விட்டுவிட்டு, ஒரு நோட்டிலிருந்து அடுத்த நோட்டு எவ்வளவு தூரம் என்று பார்க்கப் பழகினால்தான் வேகம் வரும்.

முதலில் கீபோர்டைச் சரிசெய்யுங்கள். சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டன் 0-வில் இருக்கட்டும். எல்லாப் பாட்டையும் சி-யில் வாசித்து, பட்டனால் சுருதியை மாற்றுகிற பழக்கம் நம் பக்கத்தில் அதிகம். அந்தப் பழக்கம் இருக்கும்வரை தாளில் உள்ள நோட்டும் கைபடும் கட்டையும் பொருந்தவே பொருந்தாது. வாசிப்பு வளராததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். தானாகப் பக்கவாத்தியம் ஓட்டும் ஆட்டோ ஸ்டைலையும் அணைத்துவிடுங்கள். அது ஓடினால் இடதுபக்கக் கட்டைகள் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகள்) பிடிக்க மட்டும் என்று ஆகிவிடும், பேஸ் வரியை வாசிக்க முடியாது.

அடுத்து ஐந்து சி-க்களைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காண வேண்டும். நடு சி இரண்டு ஸ்டாஃபுக்கும் நடுவே ஒரு சிறு கோட்டில் இருக்கும். மேல் ஸ்டாஃபான ட்ரெபிளில் கீழிருந்து மூன்றாம் இடைவெளி, கீழ் ஸ்டாஃபான பேஸில் கீழிருந்து இரண்டாம் இடைவெளி, ட்ரெபிளுக்கு மேலே இரண்டாம் சிறு கோடு, பேஸுக்குக் கீழே இரண்டாம் சிறு கோடு ஆகியவை மற்ற நான்கு. கடைசியாகச் சொன்ன சி, 61 கட்டை கீபோர்டில் இடது ஓரக் கட்டையே. பேஸ் நோட்டை ட்ரெபிளாகப் படித்து இரண்டு எழுத்து கூட்டிக்கொள்ளும் குறுக்குவழி வேண்டாம். அது கடைசிவரை கணக்குப் போடவே வைக்கும்.

இந்த அடையாளங்களிலிருந்து தூரத்தைப் படியுங்கள். தொடங்கும் நோட்டையும் சேர்த்து எண்ணினால், கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு என்றால் மூன்றாவது, ஒரு கோட்டைத் தாண்டினால் ஐந்தாவது. கோட்டிலிருந்து இடைவெளிக்குப் போனால் இரண்டு, நான்கு, ஆறு, எட்டு ஆகியவற்றில் ஒன்று. ஐந்தாவது என்று கண்டதும் கட்டைவிரலும் சுண்டுவிரலும் தானாக விரிய வேண்டும். சோல்ஃபா (டோ, ரே, மி) தெரிந்த கொயர்காரர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். டோ எந்தச் சுருதியில் இருந்தாலும் சோ அங்கிருந்து ஐந்தாவது என்பது காதில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் நோட்டுக்குக் கீழே பென்சிலால் எழுத்து எழுதாதீர்கள், எழுதியிருந்தால் அழியுங்கள். எழுத்து இருந்தால் கண் அதைத்தான் படிக்கும், நோட்டைப் பார்க்காது.

வாசிக்கும் முன் அரை நிமிடம் ஒதுக்குங்கள். டிரினிட்டி இசைத் தேர்விலும் சைட் ரீடிங்குக்கு (பார்த்தவுடன் வாசிப்பதற்கு) அவ்வளவுதான் தருவார்கள். கீ சிக்னேச்சர் (தொடக்கத்தில் உள்ள ஷார்ப், ஃப்ளாட் குறிகள்), டைம் சிக்னேச்சர் (தாளக் குறி), பாட்டு முழு பாரில் (தாளக் கட்டத்தில்) தொடங்குகிறதா அல்லது ஒரு தட்டு முன்னால் எடுக்கிறதா, நடுவில் எங்கே புதிய ஷார்ப், ஃப்ளாட் வருகிறது, இவற்றைப் பாருங்கள். நடுவில் வரும் குறி அந்த பார் முடியும்வரை செல்லும். அதே பாரில் அதே நோட்டு திரும்ப வரும்போது மறப்பதே வழக்கமான தவறு.

உதாரணத்துக்கு மூன்று ஃப்ளாட் உள்ள பாட்டு. பாமாலையில் இது அடிக்கடி வரும், பலரும் பயப்படுவார்கள். கடைசிக்கு முந்தின ஃப்ளாட்தான் மேஜர் சுருதியின் பெயர், இங்கே அது ஈ. ஆகவே சுருதி ஈ ஃப்ளாட் மேஜர். வலது கை ஐந்து விரலையும் ஈ ஃப்ளாட், எஃப், ஜி, ஏ ஃப்ளாட், பி ஃப்ளாட் மேல் வைத்துக் கண்ணை மூடித் தடவிப் பாருங்கள். கருப்பு, வெள்ளை, வெள்ளை, கருப்பு, கருப்பு. இந்த வடிவம் கையில் ஏறிவிட்டால் குனிந்து பார்க்க வேண்டிய தேவை பாதி குறையும். பாட்டு முடியும் இடத்தையும் பாருங்கள். பெரும்பாலும் பேஸ் பி ஃப்ளாட்டிலிருந்து ஈ ஃப்ளாட்டுக்குத் தாவி நிற்கும். சில சமயம் பி ஃப்ளாட் இரண்டு தட்டு நின்று, அல்லது ஒரு ஆக்டேவ் (எட்டு நோட்டு) இறங்கி, பிறகு தாவும். இப்படிப் பல பாட்டுகள் வாசித்தபின் அந்தக் கடைசி மூன்று கார்டுகளை ஒரே பார்வையில் எடுத்துவிடலாம்.

நான்கு குரலையும் ஒரேயடியாக எடுக்காதீர்கள். முதலில் பேஸ் மட்டும், பிறகு சோப்ரானோ மட்டும், அப்புறம் இரண்டும் சேர்த்து. அது நிற்காமல் போனால் ஆல்ட்டோ, கடைசியில் டெனார். கார்டைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். பேஸ் தெரிந்தால் மேலே உள்ளதை ஊகிக்கலாம். பேஸுக்கும் டெனாருக்கும் ஒரு ஆக்டேவுக்கு மேல் இடைவெளி இருந்து இடது கை எட்டாவிட்டால், டெனாரை வலது கையில் எடுங்கள். அந்த இடத்தில் மட்டும் ஒரு சிறு கோடு போட்டுவைப்பதில் தவறில்லை.

தட்டு எண்ணும் கருவியான மெட்ரோனோமை 50-இல் வைத்துத் தொடங்கி, கடினமான பாரை எந்த வேகத்தில் எடுக்க முடியுமோ அந்த வேகத்திலேயே முழுப் பாட்டையும் வாசியுங்கள். தவறினால் திரும்பிப் போகக் கூடாது. திருத்தத் திரும்பும் கை, தாளத்தை நழுவவிடவும் சேர்த்துப் பழகிக்கொள்ளும். கண் எப்போதும் கைக்கு ஒரு பார் முன்னால் இருக்க வேண்டும். அருகில் ஒருவரை உட்காரவைத்து, நீங்கள் வாசிக்கத் தொடங்கும் பாரை ஒரு அட்டையால் மறைக்கச் சொல்லுங்கள். கண் வேறு வழியின்றி முன்னால் ஓடும்.

தினமும் 15 நிமிடம் போதும். ஆனால் பாட்டு புதிதாக இருக்க வேண்டும், உங்கள் தரத்துக்கு இரண்டு கிரேடு கீழே இருக்க வேண்டும். ஒரு பாட்டை இரண்டு முறைக்கு மேல் வாசிக்காதீர்கள்; மூன்றாவது முறை ஞாபகம்தான் வாசிக்கிறது. காது பழகிப்போன மெட்டும் இதற்கு உதவாது, புத்தகத்தில் சபை அதிகம் பாடாத எண்களை எடுங்கள்.

ஆராதனையில் நடுவே தடுமாறினால் டெனாரையும் ஆல்ட்டோவையும் உடனே விட்டுவிட்டு, சோப்ரானோவையும் பேஸையும் பிடித்துக்கொண்டு போங்கள். அதுவும் முடியாவிட்டால் இடது கையை எடுத்துவிட்டு மெட்டை மட்டும் வாசித்து, அடுத்த வரியின் முதல் தட்டில் பேஸோடு சேர்ந்துகொள்ளுங்கள். மெட்டு நிற்காதவரை சபை பாடிக்கொண்டே இருக்கும்.