உலாவி ஒரு பக்கத்தை எப்படி அடுக்குகிறது? பெயர்ப்பலகை ஒன்றை வைத்து ஒரு பயிற்சி

உலாவியின் உள்வேலைகளை அறிய நேராகக் குரோமியத்தின் (குரோம் உலாவிக்கு அடிப்படையான திறந்த மூலத் திட்டம்) மூலநிரலைத் திறக்காதீர்கள்; புதியவருக்கு அது கடல். மட் புறூபெக் 2014இல் கற்பிப்பதற்காகவே றஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதிய றொபின்சன் என்ற சிறிய உலாவி இயந்திரத்தில் தொடங்குங்கள். அதற்கு எழுத்துகளை வரையத் தெரியாது, வண்ணப் பெட்டிகள் மட்டுமே. தொடங்குகிறவருக்கு அதுவே வசதி.

றஸ்ட்டை நிறுவி, கிட்ஹப்பிலிருந்து றொபின்சனை இறக்கி, 'கார்கோ ரன்' (cargo run) என்று கட்டளையிடுங்கள். ஒரு படக்கோப்பு உருவாகும்.

அடுத்து உங்கள் சொந்தப் பக்கம். கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்தில் நாம் பார்த்துப் பழகிய மும்மொழிப் பெயர்ப்பலகையை எடுத்துக்கொள்வோம். வெளியே ஒரு சட்டம், பேடிங் (விளிம்புக்கு உள்ளே விடும் இடைவெளி) 20 பிக்சல். உள்ளே சிங்களத்துக்கும் தமிழுக்கும் ஆங்கிலத்துக்குமாக மூன்று பெட்டிகள். ஒவ்வொன்றும் 50 பிக்சல் உயரம், மார்ஜின் (பெட்டிக்கு வெளியே விடும் இடைவெளி) 10. எல்லாவற்றுக்கும் டிஸ்பிளே பிளாக் (display: block, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் பெட்டி) என எழுதிவிடுங்கள். றொபின்சன் தானாக அப்படி எடுத்துக்கொள்ளாது.

இப்போது லேஅவுட் கோப்பைத் திறந்து, பெட்டியை அடுக்கும் பகுதியை ஆறுதலாக வாசியுங்கள். முதலில் அகலம், பிறகு இடம், பிறகு பிள்ளைகள் (உள்ளே இருக்கும் பெட்டிகள்), கடைசியில் உயரம். இந்த வரிசைதான் முழுப் பாடமும். அகலம் தாய்ப் பெட்டியிடமிருந்து இறங்குகிறது: திரை 800 என்றால் சட்டத்தின் உள்ளே 760, பெட்டிக்கு 740. உயரமோ பிள்ளைகளிடமிருந்து ஏறுகிறது: மார்ஜினோடு ஒவ்வொரு பெட்டியும் 70, அப்படி மூன்று, பேடிங்குடன் 250.

அதே பக்கத்தைப் பயர்பொக்ஸில் திறந்து சட்டத்தை அளந்தால் 230தான் வரும். அடுத்தடுத்த பெட்டிகளின் மேல்கீழ் மார்ஜின்களை உண்மையான உலாவி ஒன்றாக்கிவிடுகிறது. றொபின்சனில் அந்த விதி இல்லை. அதை நீங்களே எழுதிச் சேர்த்துப் பாருங்கள். பத்துக் கட்டுரை வாசிப்பதைவிட இது அதிகம் கற்றுத்தரும்.

பிறகு எழுத்து. 'கொ' யூனிகோட்டில் இரண்டு குறிகள். திரையிலோ ெ, க, ா என மூன்று வடிவங்கள். ஆகவே எழுத்துருவைக் கொண்டு வடிவமைத்த பிறகே சொல்லின் அகலம் தெரியும். அதன் பின்னரே வரியை எங்கே முறிப்பது என்று முடிவாகும். குரோமும் பயர்பொக்ஸும் இந்த வேலையை ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல நூலகத்திடம் ஒப்படைக்கின்றன. அதன் 'எச்பி ஷேப்' (hb-shape) கருவிக்கு ஒரு தமிழ் எழுத்துருவையும் 'கொழும்பு' என்ற சொல்லையும் கொடுங்கள்: ஒவ்வொரு வடிவமும் அதன் அகலமும் வரிசையாக வரும்.

இதற்குப் பிறகு சேர்வோ, லேடிபேர்ட் என்ற இரண்டு திறந்த மூல உலாவித் திட்டங்களின் லேஅவுட் கோப்புறைகளைத் திறந்து, மார்ஜின்களை ஒன்றாக்கும் பகுதியை மட்டும் தேடி வாசியுங்கள்.