லாரி செல்ஃப் எடுக்கவில்லையா? முதலில் எர்த்தைப் பாருங்கள்

சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டும் வந்து செல்ஃப் சுற்றவில்லை என்றால், எதையும் கழற்றும் முன் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனையை, சேஸிஸுக்கு எர்த் போகிற பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலில் வையுங்கள் (கிளாம்ப்பில் அல்ல, ஈயத்தின் மேலேயே). மறுமுனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கிளீனரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு இருக்க வேண்டும். மீட்டர் 0.5 வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு எர்த் கேபிளிலோ அதன் போல்ட்டிலோதான். அப்புறம் இதே சோதனையை, செல்ஃபுக்கு கேபிள் போகிற பாசிட்டிவ் டெர்மினலுக்கும் அந்த கேபிள் வந்து சேரும் செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டுக்கும் இடையே செய்யுங்கள்.

சும்மா நிற்கும்போது அளந்தால் துருப்பிடித்த கேபிளும் நல்ல கேபிள் மாதிரியே காட்டும், ஏனென்றால் அதில் கரன்ட் ஓடவில்லை. செல்ஃப் இழுப்பதோ நூற்றுக்கணக்கான ஆம்பியர். 300 ஆம்பியர் ஓடும்போது 0.01 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் போய்விடும். இது தெரியாமல் புது பேட்டரி வாங்கிப் போடுபவர்கள்தான் அதிகம்.

'டக்' சத்தமே வரவில்லை என்றால் இந்தச் சோதனை உதவாது. ரிலே, சாவி சுவிட்ச், ஃபியூஸ் பக்கம் போங்கள். பேட்டரி இறங்கியிருந்தாலும் அளவை நம்ப முடியாது. 24 வோல்ட் வண்டியில் இரண்டு பேட்டரியையும் தனித்தனியே பார்த்துவிடுங்கள், ஒன்று மட்டும் செத்திருப்பது சகஜம்.